சுருக்குக: விடை சரியா என்று யாரைக் கேட்பது?

எங்கள் அடுத்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தாயார் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அவன் கணக்கு நோட்டையும், செங்கல் கனத்தில் ஒரு வழிகாட்டி நூலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "மாமா, இது சரியா தப்பா என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றான்.

கணக்கு இதுதான். சுருக்குக: 3(2ப − 5) − 2(ப − 4).

பாடநூலில் 'ப' இருக்காது. ஆங்கில எழுத்தான எக்ஸ் இருக்கும். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது என்பதால் இக்கட்டுரை முழுவதும் தமிழ் எழுத்தையே வைத்துக்கொள்கிறேன். (க, உ, ச போன்றவை நம் பழைய எண்களுமாக இருப்பதால் அவற்றைத் தவிர்த்தேன். 3க என்று எழுதினால் முப்பத்தொன்று என்று படிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கக்கூடும்!)

பையன் எழுதியிருந்தது வருமாறு:

3(2ப − 5) − 2(ப − 4)
= 6ப − 15 − 2ப − 8
= 4ப − 23
= −19ப

கடைசி வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 4ப − 23 = 0, ஆகவே ப = 23/4 என்றும் எழுதியிருந்தான். சரியான விடை 4ப − 7. ஒரே கணக்கில் மூன்று வகையான பிழைகள்! அவற்றை நான் உடனே சொல்லவில்லை. "இது சரியா என்று நீயே பார்த்துக்கொள்ளலாமே?" என்று கேட்டேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். "இந்தக் கணக்கு கைடில் இல்லை மாமா" என்றான்.

அந்தப் பதில்தான் இக்கட்டுரைக்குக் காரணம். கணிதம் தவிர்த்த மற்றப் பாடங்களில் விடை சரியா என்பதற்கு நூலையோ ஆசிரியரையோ நாடத்தான் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கணிதத்திலோ, விடையின் சரி தவறு கணக்குக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சிறப்பை நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தவறிவிட்டோம். வீட்டுக்கணக்குக்கு உதவுகிறோம் என்று எழுதப்பட்ட நூல்களோ அதை மறைத்தே விடுகின்றன.

அவன் கொண்டுவந்த வழிகாட்டி நூலின் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். குறை சொல்வதற்காகப் படித்தேன் என்று நினைக்க வேண்டாம். படித்தவர் எவரும் இல்லாத வீட்டில் அந்நூல் ஒன்றுதான் வாத்தியார். அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு பயிற்சிக் கணக்கும் படிப்படியாகச் செய்து காட்டப்பட்டிருக்கிறது. கட்டம் கட்டி விதிகள் தரப்பட்டிருக்கின்றன. ஒத்த உறுப்புகளை மட்டுமே கூட்டலாம், கழிக்கலாம். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே உள்ள குறிகள் மாறும். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால், அந்த அத்தியாயம் முழுவதிலும் ஒரே ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. 'முதல் வரியில் இருப்பதும் கடைசி வரியில் இருப்பதும் ஒரே எண்தான். ப-வுக்கு ஏதேனும் ஓர் எண்ணைக் கொடுத்துப் பார்' என்பதே அவ்வரி.

அவ்வரி இல்லாமற்போனதால் நிகழ்வது என்ன? 'சுருக்குக' என்பது குறிகளை இடம் மாற்றும் ஒரு சடங்காகிவிடுகிறது. விதியை நினைவில் வைத்தவன் பிழைக்கிறான். மறந்தவனுக்கு வேறு கதி இல்லை.

பையனிடம் திரும்புவோம். ப = 10 என்று வைத்து ஒவ்வொரு வரிக்கும் மதிப்புக் காணச் சொன்னேன். முதல் வரியில், 2ப − 5 என்பது 15. அதன் மும்மடங்கு 45. ப − 4 என்பது 6. அதன் இருமடங்கு 12. 45-இல் 12 போக 33. இரண்டாம் வரியில், 60 − 15 − 20 − 8, அதாவது 17. மூன்றாம் வரியில், 40 − 23, இதுவும் 17. நான்காம் வரி −190. நோட்டின் ஓரத்தில் 33, 17, 17, −190 என்ற நான்கு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் ஒரு பிழை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் ஒரு பிழை. இடையிலுள்ள படியோ குற்றமற்றது. எந்த இடத்தில் வழுக்கியது என்பதை ஒரு பெரியவர் துணையின்றி அவனே விரலால் தொட்டுக் காட்டினான்.

இதற்குத் தேவைப்பட்டது எட்டாம் வகுப்புக் கணிதம் அன்று. நான்காம் வகுப்புக் கணிதம்.

பாடநூல்களில் 'கோவையின் மதிப்பைக் காண்க' என்ற பயிற்சி இல்லாமல் இல்லை. ஆனால் அது தனி ஊர். 'சுருக்குக' என்பது தனி ஊர். இரண்டுக்கும் நடுவே பாதை போடப்படவில்லை. ஒரு வாரம் மதிப்புக் காண்கிறார்கள். அடுத்த வாரம் அதை மறந்துவிட்டுச் சுருக்குகிறார்கள். முதலில் கற்றது இரண்டாவதைச் சோதிக்கும் உரைகல் என்று சொல்வாரில்லை.

மாம்பழமும் வாழைப்பழமும்

அந்நூலில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்த பகுதி ஒத்த உறுப்புகளுக்குத் தந்திருந்த விளக்கம். மூன்று மாம்பழமும் இரண்டு மாம்பழமும் சேர்ந்தால் ஐந்து மாம்பழம்; ஆகவே 3ப + 2ப = 5ப. மூன்று மாம்பழத்தையும் இரண்டு வாழைப்பழத்தையும் சேர்க்க முடியாது. ஆகவே 3ப + 2த என்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். நூலைச் சொல்லிப் பயனில்லை. வகுப்புகளிலும் இதையே சொல்கிறோம். நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

விடை சரியாகத்தான் வருகிறது. ஆனால் கருத்து தவறு. எழுத்து ஒரு பொருளைக் குறிக்கவில்லை. ஓர் எண்ணைக் குறிக்கிறது. மாம்பழம் என்று கொண்டவனிடம் அடுத்த வாரமே 3ப × 2ப = 6ப² என்று சொல்லப்போகிறோம். மாம்பழத்தை மாம்பழத்தால் பெருக்கினால் வருவது என்ன பழம்? மேலும், 3ப + 2த-வைச் சேர்க்க 'முடியாது' என்பதும் உண்மையன்று. அங்கே கூட்டல் குறி இருக்கிறது, சேர்த்துத்தான் எழுதியிருக்கிறோம். ப = 10, த = 4 என்றால் அது 38. அதைவிடக் குறுகிய வடிவில் எழுத வழியில்லை என்பதுதான் சரியான பேச்சு.

இங்கிலாந்தில் 1970-களில், இலண்டன் செல்சீ கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பள்ளி மாணவர்கள் கணிதத்தை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்று விரிவாக ஆராய்ந்து, 1981-இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் வந்த ஒரு கேள்வி: நீலப் பென்சில் 5 பென்ஸ், சிவப்புப் பென்சில் 6 பென்ஸ், மொத்தம் 90 பென்சுக்கு வாங்கினேன், நீலப் பென்சில்களின் எண்ணிக்கை ஓர் எழுத்து, சிவப்பின் எண்ணிக்கை மற்றோர் எழுத்து, இவ்விரண்டையும் பற்றி என்ன எழுதலாம்? நம் எழுத்தில் 5ந + 6ச = 90 என்று எழுத வேண்டும். பலர் ந + ச = 90 என்று எழுதினார்கள். 'நீலமும் சிவப்பும் சேர்ந்து தொண்ணூறு' என்று அவர்கள் மனத்துக்குள் படித்துக்கொண்டார்கள். எழுத்து அங்கே எண்ணிக்கையாக இல்லை, பென்சிலாகவே ஆகிவிட்டது. அதே ஆய்வில், 3ந-வுடன் 4-ஐக் கூட்டுக என்றபோது பதினான்கு வயது மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே 3ந + 4 என்று எழுதினார்கள். 7ந என்று எழுதியவர்கள் ஏராளம். நம் பையனின் −19ப நாடு கடந்த பிழை என்பது இதனால் விளங்கும்.

இந்த 7ந எங்கிருந்து வருகிறது? கூட்டல் குறி கண்ணில் பட்டால் கணக்கு முடியவில்லை என்று சிறுவர்கள் நினைக்கிறார்கள். முதல் வகுப்பிலிருந்தே 3 + 4 என்பது கேள்வி, 7 என்பது விடை. விடையில் குறி இருக்கக் கூடாது என்பது ஏழாண்டுப் பழக்கம். 3ந + 4 என்பதே ஓர் எண்ணின் பெயர், அதுவே முழு விடை என்று ஏற்பதற்கு மனம் தயங்குகிறது. ஆஸ்திரேலியக் கல்வியாளர் கெவின் காலிஸ் 1970-களிலேயே இந்தத் தயக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சமக்குறியும் இதே பழக்கத்துக்கு ஆளாகியிருக்கிறது. ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் இரண்டு இணைகோடுகளை அக்குறியாக வரைந்தது, அவற்றைவிடச் சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்று கருதித்தான். நம் மாணவர்களுக்கோ அது 'விடை இதோ வருகிறது' என்று கைகாட்டும் பலகை.

பழத்தைவிட நல்ல விளக்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில், தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். 'யா' என்பது சுருக்கெழுத்து. ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தால் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரால் அவற்றைக் குறித்தார்கள். ஓரினத்தவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம். வேறினத்தவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும் என்ற விதியும் அந்நூலில் உண்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் விதியை நாம் விடவில்லை. 'எவ்வளவோ அவ்வளவு' என்ற பொருளை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டோம். (இலங்கைத் தமிழர் பாடநூல்களில் இக்கலைக்கு அட்சரகணிதம் என்று பெயர். எழுத்துக் கணக்கு என்ற அப்பெயர் கேட்க இனிமைதான். ஆனால் எழுத்தைக் கூட்டவில்லை, எண்ணைத்தான் கூட்டுகிறோம் என்பதை அங்கும் யாரேனும் சொல்ல வேண்டியிருக்கும்.)

ஒரு முழம் பூ எவ்வளவோ அவ்வளவு ரூபாய் என்க. காலையில் 3 முழமும் மாலையில் 2 முழமும் விற்றால், அந்த 'எவ்வளவோ' ஐந்து மடங்காகும். விலை என்னவென்று தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம். 3ப + 2ப = (3 + 2)ப என்ற பங்கீட்டுப் பண்பு இதுவே.

எந்த எண்ணைக் கொடுப்பது?

எண் கொடுத்துப் பார்க்கும் முறையைச் சொன்னதும், சில ஆசிரிய நண்பர்கள் ஒரு தடையை எழுப்புவார்கள். "ஓர் எண்ணுக்குச் சரியாக வந்துவிட்டால் எல்லா எண்ணுக்கும் சரியாகிவிடுமா?" நல்ல கேள்வி. ஆகாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அஞ்சி முறையையே ஒதுக்குவது, தராசு கொஞ்சம் ஆடுகிறது என்று கடையையே மூடுவதற்கு ஒப்பாகும். கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் அழகான ஓர் உண்மை கிடைக்கும்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். ஓரெண்ணில் இரண்டு கோவைகளும் வெவ்வேறு மதிப்பைத் தந்தால், தீர்ந்தது, அவை ஒன்றல்ல. மேல்முறையீடே இல்லை. ஒரே மதிப்பைத் தந்தால்தான் நிதானிக்க வேண்டும். ஒரு மாணவன் ப + ப-வை ப² என்று எழுதிவிட்டான் என்று கொள்வோம். சரியான விடை 2ப. அவன் சோம்பேறியாக ப = 0 என்று சோதித்தால், இரண்டும் 0. சரி என்று தோன்றும். ப = 2 என்று சோதித்தால், இரண்டும் 4. மீண்டும் சரி! ப = 3 என்று கொடுத்தால்தான் 6 என்றும் 9 என்றும் பிரிந்து திருடன் அகப்படுகிறான். இரண்டு சோதனைகளில் தேறிய பொய் மூன்றாவதில் பிடிபட்டது.

ஏன் மூன்றாவதில்? இரண்டு கோவைகளின் வேறுபாடு 2ப − ப². இது இருபடிக் கோவை. இருபடிக் கோவை பூச்சியமாகும் இடங்கள் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே மூன்று வெவ்வேறு எண்களிலும் இரு கோவைகள் ஒத்துப்போனால், அவற்றின் வேறுபாடு பூச்சியமே. அவை முற்றிலும் ஒன்றே. ஒருபடிக் கோவைகளுக்கு இரண்டு எண்கள் போதும். இரண்டு புள்ளிகள் வழியே ஒரு நேர்கோடுதான் செல்லும் என்று வரைபடத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஒரே மாறி உள்ள பல்லுறுப்புக் கோவையின் உயர்ந்த படி எதுவோ, அதைவிட ஒன்று அதிகமான எண்களில் சோதித்துவிட்டால் அது வெறும் சோதனையன்று, நிறுவலே ஆகிவிடும். நம் பையனின் கணக்கு ஒருபடிதான். 4ப − 7 என்ற விடையை ப = 10-இல் சோதித்தால் 33; ப = 0-வில் சோதித்தால், மூலக்கோவை −15 + 8, அதாவது −7; விடையும் −7. இரண்டு எண்கள் ஆயிற்று. இனி வழிகாட்டி நூலில் பார்க்க வேண்டியதில்லை; பார்த்து, அங்கே வேறு விடை இருந்தால் பிழை நூலுடையது.

எனினும் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது நல்லது. 0, 1, 2 மூன்றும் சோதனைக்கு ஏற்ற எண்கள் அல்ல. பூச்சியத்தில் உறுப்புகள் மறைந்துவிடுகின்றன. ஒன்றின் எல்லா அடுக்குகளும் ஒன்றே. இரண்டிலோ கூட்டினாலும் பெருக்கினாலும் நான்கு. 10 எளிது, 7 கண்டிப்பானது. (ப + த)² = ப² + த² என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறக்கிறார்கள். அவர்கள் த = 0 என்று வைத்தால் தேறிவிடுவார்கள்; ப = 10, த = 7 என்று வைத்தால் 289 எங்கே, 149 எங்கே?

இது சிறுபிள்ளை வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பெரிய கோவைகள் இரண்டு ஒன்றுதானா என்று கணிப்பொறியில் அறிய, அவற்றை முழுவதும் விரித்தால் உறுப்புகள் கணக்கின்றிப் பெருகும். அதற்குப் பதிலாக, மாறிகளுக்கு ஏதோ சில எண்களைக் குருட்டாம்போக்கில் கொடுத்துப் பார்த்தாலே, தவறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று 1979-இல் சிப்பெல் என்பவரும் 1980-இல் ஷ்வார்ட்ஸ் என்பவரும் காட்டினார்கள். கணிப்பொறியியலில் இன்றும் புழங்கும் முறை இது. எட்டாம் வகுப்புப் பையன் நோட்டின் ஓரத்தில் செய்வதும் அதன் தம்பிதான்.

எது சுருக்கம்?

இனி 'சுருக்குக' என்ற கட்டளையையே கொஞ்சம் விசாரிக்கலாம். சுருக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் கண்ணி என்றும் பொருள் உண்டு. எத்தனையோ மாணவர்கள் அதில் மாட்டியிருக்கிறார்கள்!

(ப − 2)(ப − 3) சுருக்கமா, ப² − 5ப + 6 சுருக்கமா? வழிகாட்டி நூலின் ஓர் அத்தியாயத்தில் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைச் சுருங்கிய விடை என்கிறார்கள். காரணிப்படுத்தும் அத்தியாயத்தில் இரண்டாவதைக் கொடுத்து முதலாவதைக் கேட்கிறார்கள். பையன் குழம்பினால் அவன் மேல் குற்றமில்லை. கோவை எப்போது பூச்சியமாகும் என்று அறிய முதல் வடிவம் உதவும். வேறொரு கோவையோடு கூட்ட இரண்டாம் வடிவம் உதவும். (ப + 1)¹⁰ என்பதை விரித்தால் பதினொரு உறுப்புகள் வரும். அதைச் சுருக்கம் என்று எவர் சொல்வார்? எதற்காகச் சுருக்குகிறோம் என்று சொல்லாமல் சுருக்கச் சொல்வது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் டிக்கெட் வாங்கி வரச் சொல்வதைப் போன்றது.

அறிஞர்களுக்கே இதில் ஒற்றுமை இல்லை. கணிப்பொறியை இயற்கணிதம் செய்யவைக்க முயன்ற அமெரிக்கர் ஜோயல் மோசஸ் 1971-இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். கோவைகளைத் தம் விருப்பப்படி எவ்வளவு தூரம் மாற்றியமைக்கத் துணிகின்றன என்பதைப் பொறுத்து, சுருக்கும் நிரல்களைத் தீவிரவாதிகள், மிதவாதிகள், பழமைவாதிகள் என்று அரசியல் கட்சிகளைப்போல் அதில் அவர் வகைப்படுத்தினார். இதைவிட வியப்பு, 1968-இல் ரிச்சர்ட்சன் என்பவர் நிறுவிய தேற்றம். சைன், அடுக்குச் சார்பு, தனிமதிப்பு முதலியவற்றையும் கலந்து கோவைகள் அமைத்தால், அத்தகைய கோவை ஒன்று பூச்சியந்தானா என்று எல்லாச் சமயத்திலும் தவறாமல் சொல்லக்கூடிய பொதுவழிமுறை எதுவும் இருக்க முடியாது. பள்ளிக்கணக்கில் அந்தத் தொல்லை இல்லை என்பது நம் நல்வினை.

சமன்பாட்டுக்கும் கோவைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 4ப − 23 = 0 என்று பையன் எழுதினானே, அந்த '= 0' எங்கிருந்து வந்தது? அவனாகச் சேர்த்தான். சமன்பாடு என்பது ஒரு கேள்வி: எந்த எண்ணுக்கு இது உண்மை? சுருக்குதல் ஓர் உறுதிமொழி: எல்லா எண்களுக்கும் இது உண்மை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள அல்-ஜபர் என்ற சொல்லிலிருந்துதான் ஐரோப்பியர் இக்கலைக்கு அல்ஜீப்ரா என்று பெயர் கொண்டார்கள். கழிபட்டிருக்கும் உறுப்பை மறுபக்கத்தில் சேர்த்து நிறைவு செய்வது என்பது அச்சொல்லின் கருத்து. அதற்கு இரண்டு பக்கங்கள் வேண்டும். கோவைக்கு ஏது மறுபக்கம்?

வகுத்தல் வரும்போது வழிகாட்டி நூல் உண்மையிலேயே தவறு செய்கிறது. (2ப + 6)/2 என்பதில் இரண்டையும் இரண்டையும் 'அடித்துவிட்டு' ப + 6 என்று எழுதுவது மாணவன் பிழை; ப = 10 கொடுத்தால் 13-ம் 16-மாகப் பிடிபட்டுவிடும். ஆனால் (ப² − 9)/(ப − 3) = ப + 3 என்று எழுதி, கீழே இரட்டைக்கோடு போட்டு முடிப்பது நூலின் பிழை. ப = 10-இல் 91/7 = 13, சரி. ப = 3-இல்? வலப்பக்கம் 6. இடப்பக்கத்தில் பூச்சியத்தின் கீழ் பூச்சியம்; அதற்கு மதிப்பே இல்லை. இடப்பக்கத்தின் வரைபடம் ஒரு புள்ளியில் மட்டும் ஓட்டை விழுந்த நேர்கோடு. வலப்பக்கத்தினது ஓட்டையில்லாத கோடு. 'ப ஆனது 3 அன்று' என்ற இரண்டு மூன்று சொற்களை அச்சிட எவ்வளவு மை செலவாகியிருக்கும்? எண் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் உள்ள மாணவன் இந்த ஓட்டையில் ஒருநாள் தானே கால் இடறுவான். ஏன் என்று கேட்பான். விதியை மட்டும் கற்றவன் கேட்கவே மாட்டான்.

இப்போது கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்தாலே படிப்படியாக விடை தரும் செயலிகள் வந்துவிட்டன. பையன் அதையும் காட்டினான். வேகம் வியப்பூட்டியது, பிழையும் இல்லை. ஆனால் 'கைடில் இல்லை மாமா' என்பது 'போன் இப்படிச் சொல்கிறது மாமா' என்று மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஐம்பது நோட்டுகளைத் திருத்துபவர் படிகளைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்; ஓரத்தில் எழுதிய 33-க்கும் 17-க்கும் அரை மதிப்பெண்கூடத் தேர்வில் கிடையாது. கிடைக்காததை எந்தப் பிள்ளை செய்யும்? 'சுருக்குக, விடையைச் சரிபார்க்க' என்று கேள்வித்தாளில் இன்னொரு சொல்லைச் சேர்த்து ஒரு மதிப்பெண் ஒதுக்கினால், அடுத்த பதிப்பிலேயே வழிகாட்டி நூல்கள் மாறிவிடும். அந்த நூலாசிரியர்கள் கேள்வித்தாளைத்தான் படிக்கிறார்கள்.

அன்று மாலை நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில்தான் பிழை என்று பையன் கண்டுவிட்டான். ஆனால் என்ன பிழை என்று தெரியவில்லை. அதற்குள் அவனைச் சாப்பிடக் கூப்பிட அவன் தாயார் வந்துவிட்டார். "இன்னும் முடியலையா அண்ணே?" என்றவர், நோட்டின் ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தார். எழுத்துகளை அவர் பார்க்கவில்லை. 33-ஐயும் 17-ஐயும்தான் பார்த்தார். இவை ஒன்றாக வர வேண்டும், வரவில்லை என்று பையன் விளக்கினான்.

"பதினாறு உதைக்குது" என்றார். சிறிது யோசித்துவிட்டு, "இதுல எங்கேயாவது எட்டு இருக்காடா?" என்று கேட்டார்.

இருந்தது. இரண்டாம் வரியின் கடைசியில் − 8.

"கூட்ட வேண்டியதைக் கழிச்சிருப்பே. வரவுல எழுத வேண்டியதைப் பத்துல எழுதிட்டா, கணக்கு அதுல ரெண்டு மடங்கு உதைக்கும்" என்றார். தினமும் இரவு கடைக்கணக்கு முடிப்பவருக்கு இது தெரிந்த சங்கதி. பேரேடு எழுதும் கணக்கர்களும் இதையே செய்வார்கள். வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவார்கள்.

"ஏம்மா கூட்டணும்? முன்னால கழித்தல்தானே இருக்கு?" என்றான் பையன்.

"நூறு ரூபாய் கொடுத்து முப்பது ரூபாய்க்குப் பூ வாங்குறாங்க. அந்த முப்பதுல அஞ்சு குறைச்சுக்கிறேன். மீதி எவ்வளவு கொடுப்பேன்?"

"எழுபத்தஞ்சு."

"எழுபதோட அந்த அஞ்சைச் சேர்த்துத்தானே கொடுக்கிறேன்? கழிக்கிறதுலேயே குறைச்சா, கையில கூடத்தானே செய்யும்?"

100 − (30 − 5) = 100 − 30 + 5. வழிகாட்டி நூல் கட்டம் கட்டிக் காரணம் சொல்லாமல் விட்ட விதி அதுதான். பையன் − 8-ஐ + 8 ஆக்கினான், மறுபடியும் 10 கொடுத்தான், 33 வந்தது. நோட்டை மூடிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். சரியா என்று என்னைக் கேட்கவில்லை.

அந்த நூல் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. சென்ற வாரம் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்தான். 2(3ப − 1) − (ப + 4) என்ற கணக்குக்கு 5ப + 6 என்று விடை அச்சாகியிருக்கிறது. 7 கொடுத்துப் பார்த்தானாம். 29 வர வேண்டிய இடத்தில் 41 வருகிறது, பன்னிரண்டு உதைக்கிறது, ஆகவே ஆறில்தான் தப்பு என்றான். அச்சிட்டவர்களுக்கு எழுதிப்போட விலாசம் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.